தட்டிப் பார்த்துத் தெளிவோம்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து மிதிவண்டியில் இறங்குவோர் தம் உயிரை அதன் சட்டத்திடமே ஒப்படைக்கின்றனர். எஃகுச் சட்டம் பெரும்பாலும் வளைந்து எச்சரித்த பின்னரே முறியும். கரிம இழைச் சட்டமோ முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். இழைகளைப் பிசினால் அடுக்கடுக்காக ஒட்டி ஆக்கப்படுவதால், மேற்பூச்சு குலையாதிருக்கவே உள்ளடுக்குகள் பிரிந்திருத்தலும் உண்டு.

மட்குடம் வாங்குவார் தட்டிப் பார்ப்பதுபோல், நாணயத்தால் தட்டிப் பார்த்தல் வேண்டும். ஒலி மழுங்கின் ஐயம் கொள்க. மழுங்காமை மட்டுமே நலத்திற்குச் சான்றாகாது. வல்லுநரின் மீயொலிச் சோதனை மேலும் தெளிவு தரும்.

குழாயின் நடுவே நேர்ந்த சிறு விரிசலாயின், பழுதுற்ற அடுக்குகளைத் தேய்த்து நீக்கி, புதிய இழைகளை முன்னைய திசையிலேயே பதித்து இறுகச் செய்யலாம். முன்கவைத் தண்டு பழுதுறின் மாற்றுதலே அறிவுடைமை.

பொருளைக் காக்கும் சிக்கனத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும், உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பணயம் வைப்பது சிக்கனமன்று.