காற்றை அளந்தால் போதுமா?

செமிலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை தெரியாத குடும்பம் அரிது. அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் மிகுதி. “மருந்து மூச்சில் போகிறதே!” என்று அவர்கள் அஞ்சுவதுண்டு. எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு வழி இருக்கிறது.

கைக்கு அடக்கமான ஒரு சிறு பம்பை வேலையாளின் இடுப்பு வாரில் மாட்டுவார்கள். அதன் குழாய் நுனியில் ஒரு வடிதாள் இருக்கும். அந்த நுனியைச் சட்டைக் கழுத்தில் குத்திவிடுவார்கள். மூக்கு இழுக்கும் காற்றையே பம்பும் இழுக்க வேண்டும். கம்பத்தில் கட்டிவைத்தால் கம்பம் மூச்சுவிடும் கணக்குத்தான் கிடைக்கும்! வேலை முடிந்ததும் வடிதாளில் தங்கிய மருந்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து, சட்டம் வகுத்த வரம்போடு ஒப்பிடுவார்கள்.

நம் நாட்டுத் தோட்டங்களில் பாராகுவாட் மருந்துக்கு இப்படி அளந்த முடிவு 1982இல் வெளிவந்தது. காற்றில் இருந்த மருந்து, சராசரியாக, அன்றைய வரம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் ஆபத்தில்லையா? அதே ஆய்வில் உடம்பில் பட்ட மருந்தையும் அளந்தார்கள். அங்கேதான் மிகுதியாக இருந்தது. காரணம் எளிது. பாராகுவாட் ஆவியாகாது. தெளிப்பில் வரும் துளிகள் பெரியவை; நுரையீரல் ஆழம்வரை போகாமல் கையிலும் காலிலும் விழுந்துவிடும். புண்ணோ கீறலோ இருந்தால் தோல் வழியே உள்ளே புகும். அதற்கு முன், 1965இலும் 1967இலும் இங்கே நடந்த சோதனைகளில், தெளித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் கண்டது. சிலருக்கு மூக்கில் இரத்தம் வந்தது. சிறுநீரைச் சோதித்தபோது அதிலும் மருந்து இருந்தது. இந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் மருந்தைத் தயாரித்த நிறுவனத்தாரே என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் அதே முதுகுப் பம்பில்தான் வருகின்றன. 2000ஆம் ஆண்டின் வேலையிட ரசாயன விதிமுறைகளின்படி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு ஆபத்தை ஆராய்வது முதலாளியின் கடமை; 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அவர் வந்தால் காற்றைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். பம்பு முதுகில் ஒழுகுகிறதா, மருந்தை வெறுங்கையால் கலக்குகிறீர்களா, சாப்பிடுமுன் கைகழுவத் தண்ணீர் உண்டா என்பதையெல்லாம் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் புதுக் கையுறை கொடுத்திருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள்.