உங்களுக்குத் தெரியுமா? பங்குனிக் கடலும் பனிமலை வசந்தமும்

பங்குனி, சித்திரை என்றால் தூத்துக்குடியில் உப்பு விளையும் காலம், கடல் அடங்கிக் கிடக்கும் காலம். ஒரு காலத்தில் அதுவே முத்துக்குளிக்கும் காலம். அதே மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்காகத்தான் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கூட்டம் காத்திருக்கும். இழுவை ரயிலோ லிஃப்டோ இல்லாமல், கால்களில் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு நடந்தே சிகரம் ஏறி, சறுக்கி இறங்குகிறவர்கள் அவர்கள். இரண்டு இடத்திலும் இயற்கை கொடுப்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களைப் பற்றிய செய்திகள் இவை.

இரண்டு காற்றுக்கு நடுவே

முத்துச்சிப்பி கிடப்பது கரையோரத்தில் அல்ல. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் பாறையும் மணலும் கலந்த திட்டுகளில் கிடக்கிறது. மீனவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலாயிரம் பார் பேர்போனது. அங்கே மூச்சடக்கி இறங்க வேண்டுமானால் அலை அடங்க வேண்டும், தண்ணீர் தெளிய வேண்டும். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் காற்று கிளம்பாத இடைவெளியில்தான் இரண்டும் ஒன்றாகக் கூடிவரும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் குளி நடக்கும் காலம் ஏப்ரல் தொடங்கி மே நடு வரை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்.

நடுச்சாமத்தில் புறப்பாடு

முத்துக்குளித் தோணிகள் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் கரைக்காற்று பாயை நிரப்பி, விடியும் நேரத்துக்குப் பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, காற்று திரும்பும். நண்பகல் கடல்காற்று அதே தோணிகளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். இன்ஜின் இல்லாத நாளில், ஒரு பகலின் வேலை முழுவதும் இந்த இரண்டு காற்றின் நேரக் கணக்கில் அடங்கியிருந்தது.

ஆல்ப்ஸிலும் விடியலுக்கு முன்

வசந்தகாலப் பனியில் ஏறுகிறவர்களும் இருட்டிலேயே கிளம்புவார்கள். வானம் தெளிவாக இருக்கும் இரவில், பகலில் இளகிய பனி மறுபடி உறைந்து கெட்டியாகிவிடும். காலையில் அதன்மேல் ஏறுவது எளிது. வெயில் பட்டு மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் இறுக்கம் கலையாமல் இருக்கும் நேரம்தான் சறுக்கி இறங்கத் தோதான நேரம். அது ஒன்றிரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதைத் தவறவிட்டால் பனி கூழாகிக் கால் புதையும், ஈரப்பனிச் சரிவும் வரும். இரவில் மேகம் மூடியிருந்தாலோ பனி உறையவே உறையாது. அன்றைக்கு அனுபவசாலிகள் மலையேற மாட்டார்கள்.

ஒரு மூச்சு

குளியாளின் கருவிகள் மிகக் கொஞ்சம்: ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு வலைப்பை. பதினைந்து, இருபது கிலோ எடையுள்ள கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் ஒரு பாதத்தை நுழைத்து, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து அடக்கிக் கண் ஜாடை காட்டுவார். கயிறு விடப்பட்டதும் கல் அவரை 10, 15 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிடும். பாதத்தை எடுத்ததும் கல் மேலே போய்விடும், அடுத்தவர் இறங்க அது தேவை. கீழே இருப்பவர் இரண்டு கையாலும் சிப்பிகளை வாரிப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மொத்தம் ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். மேலே வந்து மூச்சு வாங்கியதும் மறுபடி இறங்க வேண்டும். நண்பகல் வரை இதே வேலைதான்.

கயிறு மச்சான் கையில்

தோணியில் கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் குளிப்பவரின் மச்சானாக, அதாவது மனைவியின் சகோதரராக இருப்பார் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் சகோதரியின் தாலி தன் கையிலிருக்கும் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவர் கண் அசர மாட்டார் அல்லவா? ஆல்ப்ஸில் பனியாற்று வெடிப்புகளைக் கடக்கும்போது ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடப்பவர்களும் துணையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

சுறா பயத்தைப் போக்க மந்திரம் சொல்பவருக்குக் கடல்கட்டி என்று பெயர். பிடித்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கும் போனதாக மார்க்கோ போலோ குறிக்கிறார். ஆங்கிலேயர் காலத்திலும் இவர்கள் குளி நடக்கும் இடத்தில் இருந்தார்கள். கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்கத் தயங்கியதால், மந்திரத்தை நம்பாத அதிகாரிகளும் அவரை வைத்துக்கொண்டார்கள்.

கொற்கையில் கைதிகள்

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. அன்று தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போக, இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர்.

குளி இல்லாத ஆண்டுகளே அதிகம்

முத்துக்குளி ஆண்டுதோறும் நடந்த திருவிழா அல்ல. சிப்பிக்குஞ்சுகள் பாரில் கோடிக்கணக்கில் ஒட்டும். அடுத்த ஆண்டு பார்த்தால் ஒன்றும் இருக்காது. மணல் நகர்ந்து மூடியிருக்கும், அல்லது திருக்கையும் பிற மீன்களும் தின்றிருக்கும், அல்லது நீரோட்டம் மாறியிருக்கும். 1928-க்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடியில் குளி நடக்கவில்லை. 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் நடந்தது பெரிய அதிசயம். 1961-தான் கடைசி. அதன்பின் பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை.

எட்டுக் கோடி சிப்பி

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கையில், 1905-இல் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வரவைப் பார்த்து 1906-இல் லண்டன் நிறுவனம் ஒன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே நிறுவனம் மூடப்பட்டது. ஒரு நல்ல பருவத்தை வைத்து அடுத்த இருபதுக்கும் கணக்குப் போட்டவர்களுக்குக் கடல் சொன்ன பதில் இது.

திறக்காத சிப்பிக்கு ஏலம்

கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கு அன்றன்றே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஆனால் பருவத்தை அறிவிக்கும் முன்பே மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். தேறினால்தான் தேதி குறிப்பார்கள்.

வேப்பலோடையில் விளைந்த முத்து

இயற்கை முத்து கைவிட்ட பன்னிரண்டே ஆண்டுகளில், 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி, சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அது முதல் வெற்றி. 1981-இல் அதே நிலையத்தின் தூத்துக்குடி ஆய்வகம் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையும் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது.

பனி பெய்யாத ஊரில் பனிமய மாதா

பனியையே பார்க்காத பரதவ மக்களின் பாதுகாவலி பனிமய மாதா. ரோமில் கி.பி. 352-இல், ஆகஸ்ட் மாதக் கடும் கோடையில், எஸ்குலின் குன்றின்மேல் ஓர் இரவில் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபுக்கதை. தூத்துக்குடிப் பேராலயத்தின் திருவிழாவும் அதே ஆகஸ்ட் 5-இல்தான். இங்குள்ள மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்கிறார்கள். இப்போதைய கோயில் 1713-ஐச் சேர்ந்தது. 1982-இல் பசிலிக்கா ஆனது. தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடாது; 2023-இல் ஓடியது.

உப்பின் பருவம்

நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவதும், வெயிலும் காற்றும் மாதக்கணக்கில் விடாமல் அடிப்பதும்தான் காரணம். பாத்தியில் பாய்ச்சிய நீர் நாளுக்கு நாள் கனத்து, முதலில் மேலே மெல்லிய ஏடு கட்டும். பிறகு அடியில் பரல் பரலாகப் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து வாரிக் கரையேற்ற வேண்டும். சித்திரையில் ஒரு மணி நேரம் கோடைமழை கொட்டினால் போதும், பாத்தி மறுபடி வெறும் தண்ணீராகி, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

ஒரே நாளில் ஓராண்டு மழை

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையைவிட இது அதிகம். உப்பளங்கள் மூழ்கின, குவித்து வைத்திருந்த உப்பு கரைந்துபோனது, பாத்திகளில் சேறு படிந்தது. அடுத்த பருவத்துக்குப் பாத்திகளைச் சீர்செய்து உற்பத்தியைத் தொடங்கவே தொழிலாளர்கள் வெகுவாகப் பாடுபட்டார்கள்.

சுருங்கும் பனிக்காலம்

ஆல்ப்ஸில் 2,000 மீட்டருக்குக் கீழே பனி தரையில் நிற்கும் காலம், கடந்த அரை நூற்றாண்டில் சுமார் 22 முதல் 34 நாள் வரை குறைந்திருக்கிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் கன அளவில் 10 சதத்தை இழந்தன. சகாரா பாலைவனத்துத் தூசி காற்றில் வந்து படிந்தால் பனி கறுத்து, வெயிலை அதிகம் உறிஞ்சி இன்னும் சீக்கிரம் உருகும். முன்பு ஏப்ரல் இறுதியில் நம்பி நடந்த பாதைகளை இப்போது முன்கூட்டியே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

குல்மார்க்கிலும் தட்டுப்பாடு

நம் நாட்டுப் பனிச்சறுக்கின் தலைநகர் காஷ்மீரின் குல்மார்க். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலும் குல்மார்க் சரிவுகள் பனியின்றி வெறும் தரையாகக் கிடந்தன.

வெளுக்கும் பவளம்

முத்துக்குளிக்கு உகந்த அதே அமைதிக் கடல்தான் இன்று பவளத்துக்கு ஆபத்து. காற்றில்லாத ஏப்ரல், மே மாதங்களில் கடல்நீர் சூடேறி 30 டிகிரியைத் தாண்டினால், பவள உயிரிகள் தங்களுக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதத்திலிருந்து 23 சதமாகச் சரிந்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இந்த மாற்றத்தை ஆண்டுதோறும் கடலுக்குள் இறங்கிக் கணக்கெடுத்து வருகிறது.

தேய்ந்த தீவு

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. அதில் விலாங்குசல்லி தூத்துக்குடிப் பக்கத்தது. 1986-இல் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு, 2014-இல் 2 ஹெக்டேராகக் குறைந்தது. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைப் பல காலம் வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். 2015 இறுதியிலிருந்து தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவற்றின்மேல் பவளம் ஒட்டி வளர்கிறது, மீனும் கூடுகிறது.

தெளிந்த வானத்தின் அடியில்

காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் திடீரென்று கடல் எழும்பிக் கரைக்குள் புகும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே அடித்த புயற்காற்று கிளப்பிய நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து ஏப்ரல், மே மாதங்களில் நம் தென்கரையைத் தொடும் கள்ளக்கடல் இது. 2024 மே மாதம் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலைகளில் உயிரிழந்தார்கள். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. ஆல்ப்ஸில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுத் தினமும் அறிவிப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் மலையேறக் கூடாது என்பது அங்கே பாலபாடம். கடலுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

கேட்டு எழுதி வைக்க வேண்டியது

1961-இல் இருபது வயதில் பாரில் இறங்கியவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். எந்தக் காற்றுக்குத் தண்ணீர் தெளியும், எந்த நீரோட்டத்தில் இறங்கக் கூடாது, கரையின் எந்த அடையாளத்தை வைத்துப் பாரைக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கும் கணக்கு. தூத்துக்குடியில் இன்றும் நடக்கும் சங்குக்குளியிலும் அந்த அறிவு உயிரோடு இருக்கிறது. பருவங்கள் முன்னும் பின்னும் நகரும் இந்தக் காலத்தில், அவை முன்பு எப்படி இருந்தன என்பதற்கு அளவுக் கருவிகளுக்குச் சமமான சாட்சிகள் இவர்கள். உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தாத்தா இருந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே அவரிடம் கேட்டு, காற்றின் பெயர், மாதம், இடம், ஆழம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாளை இந்தக் கடலை ஆராய்பவர்களுக்கு அது பயன்படும்.