மும்பையின் காற்றும் அதன் மாசுகளும்

1970களில் பம்பாயின் செம்பூர் வட்டாரத்திற்கு 'நச்சுவாயுக் கூடம்' என்ற பெயர் வழங்கியது. அதையடுத்த டிராம்பேயில் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல் மின் நிலையமும், 1960களில் உரத் தொழிற்சாலையும் அமைந்தன. கந்தகம் கலந்த எரிபொருள் எரியும்போது எழும் கந்தக டை ஆக்ஸைடு, மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் கார நெடியுடைய வாயுவாகும். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது வெப்பக் காற்று மூடிபோல் படிவதால், புகை மேலெழாமல் தங்கிவிடுகிறது.

அக்காலத்தில் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்கள் செம்பூர், லால்பாக், கார் ஆகிய பகுதி மக்களின் உடல்நிலையை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாசு மிகுந்த இடங்களில் இருமலும் மூச்சுத் திணறலும் மிகுந்திருக்கக் கண்டனர்.

சாலையும் சூளையும்

மாதுங்கா போன்ற நெரிசல் மிக்க பகுதிகளில் வாகனப் புகை ஒரு முக்கிய மூலமாகும். எரிபொருள் முற்றிலும் எரியாதபோது தோன்றும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இணைந்து, உடலுறுப்புகளுக்குப் பிராணவாயு கிட்டாமல் தடுக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளோ வெயிலில் ஹைட்ரோ கார்பன்களுடன் வினைபுரிந்து, நுரையீரலை உறுத்தும் ஓசோனைத் தோற்றுவிக்கின்றன.

தாராவியின் கும்பார்வாடாவில் பஞ்சுக் கழிவை எரித்துப் பானை சுடும் சூளைகள் வீடுகளை ஒட்டியே அமைந்துள்ளன. அப்புகையை முதலில் சுவாசிப்போர் குயவர் குடும்பத்தினரே.

நுண்தூசி

இம்மூலங்கள் அனைத்திலிருந்தும் வெளிப்படுவது நுண்தூசியாகும். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுடைய துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள்வரை சென்று, இதய நோய்க்கும் பக்கவாதத்திற்கும் வழிகோலுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மைக்ரோகிராம் மட்டுமே.

மூலத்திலேயே தடுத்தல்

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. பின்னர் மும்பையின் டாக்சிகளும் ஆட்டோக்களும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காக வரையறுக்கப்பட்டது. எரிபொருள் தூய்மையானதால் கந்தக டை ஆக்ஸைடு பெரிதும் குறைந்தது, நுண்தூசியோ குறையவில்லை.

செம்பூரை அடுத்த மாஹுலில் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அங்குள்ள காற்றின் தீங்கை எடுத்துரைத்து நீதிமன்றத்தை நாடின. விருப்பமற்றோரை அங்கு குடியேற்றலாகாது என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. ஆலைக்கு இடம் தேடும்போது மட்டுமின்றி, மக்களுக்கு வீடு கட்ட இடம் தேடும்போதும் காற்றின் தரத்தை முன்னதாகவே கணக்கிடுதல் திட்டமிடுவோரின் கடமையாகும்.