விரல் பிறப்பிக்கும் மின்சாரம்

பாட்டனார் காலத்து வீட்டின் சுவர்களை உடைக்காமல் கம்பியில்லா ஸ்மார்ட் சுவிட்சுகளை அமைக்க விரும்புவதாகவும், கடைகளில் உள்ள பலவற்றுள் எதை வாங்குவதென்று விளங்கவில்லையென்றும் கும்பகோணத்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கைப்பேசியால் விளக்கேற்றும் வித்தையைச் சிறுவரும் அறிவராதலால், விலைப்பட்டியலில் காணாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

நம் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டிக்குள் பேஸ் கம்பி மட்டுமே இறங்கி வந்து, மீண்டும் விளக்குக்கு ஏறிப் போகும். மின்சாரம் திரும்பும் வழியான நியூட்ரல் கம்பி அங்கே வராது. ஸ்மார்ட் சுவிட்சோ, விளக்கு அணைந்திருக்கும் வேளையிலும் ஆணைக்காக விழித்திருக்க வேண்டியது. ஆகையால் நியூட்ரல் வேண்டாத வகைகள் தமக்குரிய மின்சாரத்தை விளக்கின் வழியே சிறிது கசியவிட்டுப் பெறுகின்றன. அதனாலேயே சில எல்.இ.டி. விளக்குகள் அணைத்த பின்னும் மங்கலாக ஒளிர்கின்றன.

இச்சங்கடத்துக்கு என் மனத்தைக் கவர்ந்த பரிகாரம், மின்கம்பி, பேட்டரி ஆகிய இரண்டுமே இல்லாத சுவிட்சு. சீமென்ஸிலிருந்து கிளைத்து 2001இல் தோன்றிய என்னோஷன் என்ற ஜெர்மானிய நிறுவனம் இதைப் பிரசித்தமாக்கியது. என் தகப்பனார் இரவில் சைக்கிள் மிதிக்கையில், டயரோடு உரசிச் சுழன்ற டைனமோ முன்விளக்கை ஏற்றியதைப் பின்னிருக்கையிலிருந்து வியப்போடு பார்த்தவன் நான். 1831இல் பாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான் இங்கும் நிகழ்கிறது. விரல் அழுத்தியதும் உள்ளிருக்கும் சிறு காந்தம் சட்டென்று இடம்மாற, கம்பிச்சுருளில் ஒரு க்ஷண காலம் மின்சாரம் பிறக்கிறது. அந்த அற்ப சக்தி விளக்கை எரிக்கப் போதாது. ஆனால் வானொலி அலையில் ஒரு சிறு செய்தியை அனுப்பப் போதும். அச்செய்தி வழியில் தவறிவிடலாகாதென்று, என்னோஷனின் முறையில், வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அது மூன்று தடவை சொல்லப்படுகிறது! விளக்கருகே பொருத்திய ரிசீவர் அதைக் கேட்டு விளக்கை ஏற்றுகிறது. ரிசீவருக்கு இடையறாத மின்சாரம் கிடைக்கப் பழைய சுவிட்சுப் பெட்டியின் கம்பிகளை இணைத்து மூடவேண்டும். அதை ஒயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

பட்டன் செல்லால் இயங்கும் சுவிட்சுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் தீர்ந்த செல்லை மேசைமேல் போட்டு வைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அதைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். இந்த அஜாக்கிரதையை நாம் அற்பமாகக் கருதலாகாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும், நம் நாட்டு அலைவரிசை விதிகளுக்கு ஒவ்வாத 902 மெகாஹெர்ட்ஸ் சாதனங்களையும் தவிர்த்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஜிக்பீ என்ற வானொலி முறையைச் சேர்ந்த வகையைத் தேடுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, தொலைதேசத்துச் சர்வர் நின்றால் சொந்த வீட்டு விளக்கும் எரியாத வகைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாங்குமுன் கடைக்காரரிடம் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லி, சுவிட்சை நீங்களே அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.