காய்ந்த கஞ்சாவில் தங்கும் ஈரம்

அறுத்த கஞ்சாப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். சட்டம் அனுமதிக்கும் கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அதை இருட்டறையில், ஏறக்குறைய 20 டிகிரி வெப்பத்தில், ஓரிரு வாரம் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். பிறகு கண்ணாடி ஜாடியில் அடைத்து, முதல் சில நாள் தினமும் மூடியைத் திறந்து காற்றாட விடுகிறார்கள். தொட்டால் நொறுங்கும்படி காய்ந்திருந்த பூ, ஜாடிக்குள் ஒரு நாள் இருந்ததும் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். காம்பின் உள்ளே நின்ற ஈரம் வெளியே பரவுவதே காரணம். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி அடித்தால், உள்ளே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

எத்தனை சதவீதம் ஈரம் என்ற கணக்கு மட்டும் இங்கே போதாது. தேனில் 18 சதவீதம் வரை தண்ணீர் இருந்தும் அது கெடுவதில்லை. 10 சதவீத ஈரமுள்ள நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். தேனின் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்திருக்கிறது, நுண்ணுயிருக்கு எட்டவிடுவதில்லை. அப்படி எட்டக்கூடிய நீரின் அளவை நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.9 வேண்டும். பூஞ்சணங்களில் பெரும்பாலானவை 0.7க்குக் கீழே வளராது. பக்குவமான கஞ்சாப் பூவுக்கு வைத்திருக்கும் எல்லை 0.55 முதல் 0.65 வரை.

புகையிலையைப் போல இதையும் நுண்ணுயிர்களே புளிக்க வைத்துப் பதமாக்குகின்றன என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்களைப் பார்த்தால் அதற்கு வழியில்லை. இங்கே நுண்ணுயிர்களை வேலை வாங்குவதில்லை. அவை தலையெடுக்காமல் அடக்கி வைக்கிறார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக உலர்த்தினாலும் கெடுதிதான்: மணம் தரும் டெர்பீன்கள் ஆவியாகிப் போய்விடும்.

அடங்கியிருப்பது வேறு, சாவது வேறு. பூஞ்சண வித்துகள் வறட்சியில் சாவதில்லை, காத்திருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சணம் உடல்நலம் உள்ளவரை அநேகமாக ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர் ஆகியோரின் நுரையீரலில் அது இறங்கினால் உயிரையே பறிக்கலாம். மருந்தென்று கஞ்சாவை நாடுவோரில் இவர்களும் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். புகைக்கும்போது நெருப்பு வித்துகளைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கலிஃபோர்னிய ஆய்வகங்கள் இந்தப் பூஞ்சணத்தில் நான்கு இனங்களைத் தேடிப் பார்க்கின்றன. 2003 முதல் மருந்துக் கடைகளில் கஞ்சா தரும் நெதர்லாந்தில், பூவின் மீது காமா கதிர் பாய்ச்சி அவற்றைக் கொல்கிறார்கள்.

கதிர் பூஞ்சணத்தைத்தான் கொல்லும். நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் இந்தப் பூவிலும் வளரக்கூடியது. அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு, பூஞ்சணம் செத்த பிறகும் அப்படியே இருக்கும். கலிஃபோர்னியாவில் அந்த நஞ்சுக்கென்று தனிச் சோதனை வைத்திருப்பது இதனால்தான்.