உஷார்! அந்த மலிவான ஐரிஷ் மரக்குழலை வாங்காதீர்கள்

ஐரிஷ் குழல் கலைஞர் மேட் மொலாயின் வாசிப்பில் சொக்கிப்போய், நமக்கும் ஓர் ஐரிஷ் மரக்குழல் வேண்டும் என்று இணையக் கடைகளைத் துழாவிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்!

'ரோஸ்வுட், டி சுருதி, பெட்டி இலவசம்' என்று நம்ப முடியாத விலைக்கு வருகிற குழல்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானின் சியால்கோட் பட்டறைகளில் மொத்தமாகக் கடையப்படுபவை. மரம் பளபளக்கும், உலோக வளையங்கள் மின்னும். கோளாறு இருப்பது குழலுக்கு உள்ளே. படத்தில் அது தெரியவே தெரியாது.

ஐரிஷ் குழலின் உயிர் அதன் உட்குடைவில் இருக்கிறது. வாய் வைத்து ஊதும் தலைப்பகுதி நேர் உருளை. அதற்குக் கீழே உடல் போகப் போகக் குறுகும். இந்தக் குறுகல்தான் கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் சுருதியில் ஒட்டவைக்கிறது. நன்றாக உலர்ந்த மரமும், அளவு தப்பாத குடைகருவியும், அவசரப்படாத கையும் இல்லாமல் அது அமையாது. மலிவுக் குழலில் இதில்தான் கைவைக்கிறார்கள். விளைவு? மேல் ஸ்தாயி தாழ்ந்து இழுக்கும். அடி 'டி' சுவரம் வெறும் காற்றாகப் போகும்.

புதிதாகக் கற்பவருக்கு இது குழலின் குற்றம் என்று எப்படித் தெரியும்? உதடு அமையவில்லை, மூச்சு போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, தனக்கு இசையே வராது என்று குழலை மூட்டைகட்டிவிடுவார். பணம் போவதைவிட இதுதான் என்னைப் பதறவைக்கிறது.

பழைய குழல் என்றால் தங்கம் என்று பாய்வதும் ஆபத்து. 1847இல் தியோபால்ட் போம் உலோகக் குழலைக் கொண்டுவந்தபின், ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கழித்துவிட்ட மரக்குழல்கள் மலிவாக அயர்லாந்துக் கலைஞர்களின் கைக்கு வந்தது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் பழைய குழல்கள் பல 'ஏ' 452 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் சுருதிக்குச் செய்யப்பட்டவை. இன்றைய 440க்கு இறக்கத் தலையை வெளியே இழுத்தால் துளைகளின் கணக்கே குலைந்துவிடும். தலைக்குள் உலோகக் குழாய் இருந்தால், காய்ந்து சுருங்கும் மரம் அதன்மேல் விரிசல் விட்டிருக்கும். தந்த வளையம் இருந்தால் சுங்கத்திலேயே பறிபோகலாம்.

பணம் குறைவா? மரத்தை விடுங்கள். இங்கிலாந்தின் டோனி டிக்சன் போன்றவர்கள் செய்யும் பாலிமர் குழல்கள் சுருதியில் நிற்கும், வெயிலுக்கும் ஏசிக்கும் வெடிக்காது. டெல்ரின் என்ற பாலிமரில் செய்த குழலை மேடையில் வாசிக்கும் கலைஞர்களும் உண்டு. துளைகளை மூடித் திறக்கும் உலோகச் சாவிகளும் வேண்டாம். ஐரிஷ் ஜிக், ரீல் மெட்டுகளில் பெரும்பகுதி 'டி', 'ஜி' ஸ்கேல்களில் அடங்கிவிடும். ஆறு துளை போதும், விலையும் பாதிக்கு மேல் குறையும்.

மரம்தான் வேண்டும் என்றால், பெயர் தெரிந்த இன்றைய கைவினைஞர் செய்து, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்கிற சாவியில்லாக் குழலைத் தேடுங்கள். இரண்டு ஸ்தாயியிலும் ஒவ்வொரு சுவரத்தையும் ட்யூனரோடு வாசித்துக் காணொளி அனுப்பச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பலாமா என்று எழுத்தில் கேளுங்கள். செய்தவர் யார் என்று சொல்லாத கடைக்கு, தயவுசெய்து, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.