நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களும் உடல் எடைக் குறைப்பும்: நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்கள் நாளின் பெரும்பகுதியை இருக்கையில் அமர்ந்தே கழிக்கின்றனர். இவர்களது உடல் எடை கூடுவதற்கு நாக்கட்டுப்பாடு இன்மையே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. எடைக் குறைப்புக்கென வழங்கப்படும் வழக்கமான அறிவுரைகள் நிலையான வீடும் நிலையான வேளையும் உடையவர்களை மனத்திற்கொண்டு அமைந்தவை. ஓட்டுநர் தொழிலில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே உணவையும் உடலியக்கத்தையும் கடிகார நேரத்தோடு பிணைக்காமல், லோடு ஏற்றுதல், தேநீருக்கு நிறுத்துதல், டீசல் நிரப்புதல் போன்ற பயண நிகழ்வுகளோடு பிணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உறக்கத்திற்கான நேரம் ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை என்பதையும், அது வண்டி உரிமையாளரையும் சட்டத்தையும் சார்ந்தது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: லாரி ஓட்டுநர், உடற்பருமன், நாமக்கல், உறக்கக் குறைவு, வேலைநேரம், வழியுணவு.

முன்னுரை

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலால் அறியப்பட்டவை. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர்களும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியே செல்கிறது. இங்கிருந்து புறப்படும் ஓட்டுநர் ஒருவர் வீடு திரும்பப் பல நாள்களோ சில வாரங்களோ ஆகலாம்.

கட்டுரையாளரின் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். நீரிழிவு கண்டறியப்பட்டபோது எட்டுக் கிலோ எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறினார். இரவு எட்டு மணிக்குள் உண்ணுதல், காலையில் ஒரு மணிநேரம் நடத்தல் முதலிய அறிவுரைகள் ஒரு தாளில் அச்சிட்டுத் தரப்பட்டன. “எட்டு மணிக்கு நான் எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாதே” என்று அவர் வீட்டிற்கு வந்தபின் கூறினார். அத்தாள் வண்டி ஆவணங்களோடு பல மாதங்கள் பயணம் செய்தது, எடை குறையவில்லை. தாளில் இருந்தவற்றுள் எதுவும் தவறன்று. ஆனால் அவற்றைக் கடைப்பிடிப்பதற்குரிய வாழ்க்கை அவருக்கு இல்லை. அவ்வாழ்க்கைக்குள் இயலக்கூடியது எது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. அமர்ந்து செய்யும் உழைப்பு

அமர்ந்து செய்யும் தொழிலுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் ஜெர்மி மாரிஸ். இலண்டன் ஈரடுக்குப் பேருந்துகளில் பணியாற்றிய ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு அவரும் உடனாய்வாளர்களும் 1953இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநர்களிடம் மாரடைப்பு மிகுதியாக இருந்தது. 1956இல் இவர்கள் பணியாளர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தனர். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அதாவது வேறுபாட்டின் ஒரு பகுதி பணியில் சேரும்போதே இருந்திருக்கலாம். எனவே ஓட்டுநர் தொழிலையே முழுக் காரணமாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையும் அதே ஆய்வு வரிசையிலிருந்து கிடைக்கிறது.

நம் நெடுஞ்சாலைகளில் ஓட்டுநரின் உடலியக்கம் படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. பவர் ஸ்டியரிங் கைகளின் உழைப்பைக் குறைத்தது. மூடிய கண்டெய்னர் வண்டிகளில் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டும் வேலை இல்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளின் வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. இவை தொழிலுக்கு நன்மையே செய்தன. எனினும் காகிதங்களை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி நடப்பதற்கான சில கட்டாயங்களும் இவற்றோடு மறைந்தன.

2. அலுப்பும் ஆற்றல் செலவும்

எடை கூடுவதன் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று, அலுப்பை உழைப்பின் அளவாகக் கொள்ளுதல். பதினான்கு மணிநேரம் வண்டி ஓட்டியவர் களைத்துப்போகிறார் என்பது உண்மை. அக்களைப்பு பெரும்பாலும் விழிப்பாலும் அதிர்வாலும் வெப்பத்தாலும் விளைவது. தசைகள் செலவிட்ட ஆற்றலால் விளைவது குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்குக் குறைந்த உடலுழைப்பில் நாளொன்றுக்கு 2,110 கிலோகலோரியும், நடுத்தர உழைப்பில் 2,710 கிலோகலோரியும் தேவை. சக்கரம் மாற்றுதலும் தார்ப்பாய் கட்டுதலும் மிகுந்த நாள் நடுத்தர உழைப்பை நெருங்கலாம். பகலும் இரவும் ஓட்டியே கழிந்த நாள் குறைந்த உழைப்பையே ஒக்கும். இரு நாள்களிலும் உண்ணும் அளவு ஒன்றாக இருப்பின், 600 கிலோகலோரி வரை உடலில் மிஞ்சும்.

தேநீரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தேநீரில் இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை எனக் கொண்டால் 40 கிலோகலோரி வரும். எட்டுத் தேநீருக்கு இது 320. தூக்கத்தை விரட்டும் தன்மை தேயிலையில் உள்ளதே தவிரச் சர்க்கரையில் இல்லை. தேநீரைக் கைவிடாமல் சர்க்கரையைப் பாதியாக்கினால் முப்பது நாளில் 4,800 கிலோகலோரி குறையும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் தராசு இக்கணக்கை அப்படியே காட்டாது. ஆயினும் வேளை எதையும் மாற்றாமல் செய்யக்கூடிய முதல் மாற்றம் இதுவே.

3. உறக்கமும் பசியும்

உறக்கக் குறைவு பசியைத் தூண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 2004இல் வெளியிட்ட சிறு ஆய்வில், உடல்நலமுள்ள இளைஞர் பன்னிருவர் இரண்டு இரவுகள் நான்கு மணிநேரமும், வேறு இரண்டு இரவுகள் பத்து மணிநேரமும் படுக்கையில் இருக்கச் செய்யப்பட்டனர். உறக்கம் குறைந்தபோது நிறைவுணர்வைத் தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவுப்பொருளும் மிகுந்த உணவின்மீது நாட்டம் ஏற்பட்டது. விடியற்காலையில் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தும் ஓட்டுநர் பஜ்ஜியையும் பன்னையும் நாடுவதை நாக்கின் குற்றமாக மட்டும் காண இயலாது.

எடை கூடக் கூடக் கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் வரக்கூடும். இந்நோய் உடையவர் எட்டு மணிநேரம் படுத்தாலும் புத்துணர்ச்சி பெறுவதில்லை; பகலில் கண்ணயர்வார். உரத்த குறட்டையும் உறக்கத்திடையே திணறலும் இதன் அறிகுறிகள். இங்கு உடல் எடை ஓட்டுநரின் தனிச் சிக்கல் என்னும் எல்லையைக் கடந்து, அதே சாலையில் செல்லும் பிறரின் உயிரோடும் தொடர்புடையதாகிறது. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருப்பது இவ்வகையில் பயனுடையது. பழைய வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது.

4. வழியில் சமைத்தல்

வழியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் பழக்கம் தமிழ்நாட்டு ஓட்டுநர்களிடம் இன்றும் உள்ளது. இது மிகப் பழைய வழக்கம். உப்பு வண்டிகளோடு சென்ற உமணர், சமைத்துவிட்டு நீங்கிய கல் அடுப்புகளை அகநானூறு காட்டுகிறது. உமணர் எருதுகளோடு நெடுவழியில் நடந்தனர். இன்றைய ஓட்டுநர் அமர்ந்து செல்கிறார் என்பதே பெரிய வேறுபாடு.

தாமே சமைக்கும்போது எண்ணெயின் அளவும் சோற்றின் அளவும் ஓட்டுநரின் கையில் இருக்கின்றன. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றை ஓடும் வண்டியிலேயே ஊறவைக்கலாம். நாமக்கல்லின் மற்றொரு பெருந்தொழிலான முட்டை, சாலையெங்கும் கிடைப்பது. ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பயறும் காயும் முட்டையும் சேர்ப்பின் பசி விரைவில் திரும்பாது. எரியக்கூடிய சரக்கை ஏற்றிய வண்டியின் அருகே அடுப்பு மூட்டலாகாது என்பதால், டேங்கர் ஓட்டுநர்கள் உணவகங்களையே நம்பியுள்ளனர். அவர்கள் தென்பகுதியில் பரோட்டாவுக்கு மாற்றாக இட்லியையும், வடபகுதித் தாபாக்களில் வெண்ணெய் தடவாத ரொட்டியையும் பருப்பையும் தேர்ந்துகொள்ளலாம்.

முன் உண்டது செரித்ததை உணர்ந்து, அதன்பின் அளவோடு உண்ணுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகிறது. அங்கு உணவின் வேளையை வரையறுப்பது கடிகாரம் அன்று, செரிமானமும் பசியுமே. வேளை தவறி வாழும் ஓட்டுநருக்கு இவ்வளவுகோல் மிகவும் பொருந்துகிறது.

5. நிகழ்வோடு பிணைத்த நடை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஒருமுறைக்குப் பத்து நிமிடமேனும் தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற முந்தைய நிபந்தனையை அது நீக்கிவிட்டது. இது ஓட்டுநருக்கு ஏற்ற மாற்றம். டீசல் நிரப்பியபின் பத்து நிமிடம், தேநீருக்கு முன் பத்து நிமிடம், உணவுக்குப்பின் பத்து நிமிடம் என விரைந்து நடந்தால், வாரத்தில் ஐந்து நாளில் 150 நிமிடம் நிறைவுறும். லோடுக்காகக் குடோன் வாயிலில் காத்திருக்கும் பொழுதையும் இதற்குப் பயன்படுத்தலாம். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடப்பது ஆபத்தானது. பெட்ரோல் பங்க் வளாகமும் லாரி நிறுத்துமிடமுமே தக்க இடங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் வேளையுணவைத் தாமாக விடுத்துப் பட்டினி கிடத்தல் கூடாது. சிலவகை மருந்துகளால் ஓட்டும்போதே இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். உணவைக் குறைக்கும் முன் மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

6. வேலைநேரமும் சட்டமும்

மேற்கூறியவற்றுள் உறக்கத்தை ஓட்டுநர் தனியாகச் சீர்செய்ய இயலாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணிநேரம், வாரத்திற்கு 48 மணிநேரம் என வேலைநேரத்தை வரையறுத்தது. ஐந்து மணிநேர வேலைக்குமேல் போகாமல் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றும் கூறியது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்கள் பலர் இவ்வரம்பிற்கு வெளியே நின்றனர். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது, உறங்கும் ஒவ்வொரு மணிநேரமும் ஓட்டுநரின் கணக்கில் இழப்பாகவே தோன்றும். உணவுச் செலவும் அவருடைய படியிலிருந்தே போகுமாயின், மலிவாகவும் வயிறு நிறைவதாகவும் உள்ள மாவுணவையே அவர் தேர்வார். எனவே நடைக்கூலியில் உறக்க நேரத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பதும், உணவுப்படியைத் தனியே வழங்குவதும் எடைக் குறைப்பின் பகுதிகளாகவே கருதத்தக்கவை.

7. எது வெற்றி?

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினால் மிகை எடை என்றும், 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுடைய ஒருவர் 72 கிலோவைக் கடக்கும்போதே இரண்டாம் எல்லையை எட்டிவிடுகிறார். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று. தராசு கிடைக்காத பயணத்தில் ஓர் அளவு நாடா போதும்.

எடை குறையாத மாதங்களும் வீணல்ல. சென்னையில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தோர் உணவையும் உடலியக்கத்தையும் சீர்செய்துகொண்டதால் அந்நோய் வரும் வாய்ப்பு மூன்றாண்டில் 28.5 விழுக்காடு குறைந்தது. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏற்படாத நிலையிலேயே இப்பயன் கிட்டியது.

முடிவுரை

நெடுந்தொலைவு ஓட்டுநரின் எடை, அவர் உண்பதால் மட்டும் கூடுவதில்லை. தொழிலின் அமைப்பும் உறக்கமின்மையும் அதில் பங்குகொள்கின்றன. வழங்கப்படும் அறிவுரை பயண நிகழ்வுகளோடு பிணைந்திருப்பின் அது கடைப்பிடிக்கப்படும். கட்டுரையாளரின் தந்தை பழைய தாளைக் கைவிட்டு, தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கி, டீசல் நிரப்பும் இடங்களில் நடக்கத் தொடங்கிய ஓராண்டில் நான்கு கிலோ குறைந்தார். எட்டுக் கிலோ குறையவில்லை. ஒருவரின் அனுபவம் சான்றாகாது. எனினும், வண்டிக்குள் இயலுவதைச் சொன்னால் ஓட்டுநர் செய்வார் என்பதை அது காட்டுகிறது. மருத்துவமனைகளில் அச்சிடப்படும் அறிவுரைத் தாள்கள் தொழில்வாரியாக எழுதப்பட வேண்டும். அத்தாள்களை ஓட்டுநர்களோடு கலந்து, அவர்கள் பேசும் தமிழில் ஆக்கித் தருவது தமிழ் ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.